முதல் மடக்கு

"ஏங்க, ஊத்துனா எல்லாருக்கும் ஊத்த வேண்டியதுதானே? உங்களுக்கு மட்டும் எதுக்கு அந்தத் துளியூண்டு?" என்று கணவனின் காதைக் கடித்தாள் பிரபாவதி.

"அதுதான் முறை. விருந்து கொடுக்கிறவன் முதல் மடக்கு குடிச்சு, சரின்னு சொல்லணும். ருசி பார்க்க இல்ல. பாட்டில் கெட்டிருக்கான்னு பார்க்க. கார்க் மூடி கெட்டிருந்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அதெல்லாம் எனக்கு மோந்தாலே தெரிஞ்சிடும்" என்றான் சேதுமாதவன்.

துபாய் ஹோட்டல் ஒன்றில் மதிய விருந்து. ஜெபல் அலியில் குடோன் வைத்திருக்கும் ஒயின் இறக்குமதிக் கம்பெனியில் சேதுமாதவன் சேல்ஸ் மேனேஜர். எதிரே ஆமிரா, பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் ஒயின் வாங்குகிறவள். சேதுவுக்குச் சரக்கு தெரியும் என்று அவள் நம்பினால் வருஷம் முழுக்க ஆர்டர். நம்பாவிட்டால் அவன் நாற்காலியே ஆட்டம் காணும்.

பக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த கிரஹாம். தாத்தாவுக்கு அப்பா நட்ட திராட்சைக் கொடியில், பரம்பரையாகச் சிவப்பு ஒயின் செய்கிற குடும்பம். தன் அப்பா கைப்படச் செய்த கடைசி பாட்டிலைப் பிள்ளையைப் போலத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுவந்திருந்தார்.

சேதுமாதவன் கிளாஸைச் சுழற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அந்த மண், அந்த வெயில், அந்தக் குடும்பம் என்று ஆமிராவுக்கு ஒரு பிரசங்கமே செய்தான். பேச்சு நிற்கவில்லை; நடுவில் ஒரு மடக்கு மட்டும் உள்ளே போனது.

"பிரமாதம்! இப்படி ஒரு ஒயினை நான் குடிச்சதே இல்லை!"

அடுத்து பெரியவர் என்று கிரஹாமுக்கு ஊற்றினார் வெயிட்டர். கிரஹாம் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். சேதுமாதவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்துவிட்டு, வெயிட்டர் கையிலிருந்த பாட்டிலைப் பறிக்காத குறையாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். இது என் அப்பா செஞ்சது. பங்கு போட மனசு வரலை. உங்களுக்கு என் மகள் செஞ்சதைத் திறக்கச் சொல்றேன்."

ஆமிரா கிளாஸை நீட்டியபடியே சிரித்தாள். "ஒரே ஒரு வாய்?"

"ஒரு சொட்டு கிடையாது. நான் சுயநலம் பிடிச்ச கிழவன்."

சொன்னபடியே செய்தார். ஆமிராவும் சேதுமாதவனும் மகளின் ஒயினைக் குடிக்க, அவர் அந்தப் பாட்டிலை ஒற்றை ஆளாகக் காலி செய்தார். சேதுமாதவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லவேளை, மகளின் ஒயின் ஆமிராவுக்குப் பிடித்துப்போனது.

"கிரஹாமோட அப்பா ஒயினை நீங்க ரசிச்சதைப் பார்த்தேன், சேது. உங்களை நம்பி ஆர்டர் தர்றேன்" என்று கை குலுக்கிவிட்டுப் போனாள்.

ஒரு மடக்கு உள்ளே போனாலும் துபாயில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஜூஸோடு நிறுத்திக்கொண்ட பிரபாவதிதான் ஓட்டினாள்.

"இப்படியும் ஒரு மனுஷனா? பட்டப்பகல்ல ஒரு முழு பாட்டிலு! அந்தப் பொண்ணு வாய்விட்டுக் கேட்டும் குடுக்கலையே!"

"பரம்பரை பரம்பரைன்னு நான் வாய் கிழியப் பேசினேன் பாரு, என்னைச் சொல்லணும். அல்பம்! சாயங்காலம் ஏர்போர்ட்ல நானே கொண்டுவிடறேன்னு சொல்லியிருந்தேன். டாக்ஸி பிடிச்சுப் போகட்டும்."

பர் துபாய் வீட்டுக்கு வந்ததும் சேதுமாதவன் சோபாவில் சாய்ந்தான். மணி பிளான்ட் வைக்க ஆகும் என்று வெயிட்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த காலி பாட்டிலைக் கழுவப் போனாள் பிரபாவதி.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன?"

"நனைஞ்ச அட்டைப்பெட்டின்னு ஒரு வாடை சொன்னீங்களே, இதுவா பாருங்க."

சேதுமாதவன் பாட்டில் வாயில் மூக்கை வைத்தான். இந்தத் தடவை பிரசங்கம் எதுவும் வரவில்லை. அடியில் தங்கியிருந்த துளியை உள்ளங்கையில் கவிழ்த்து மறுபடி மோந்தான். அதே வாடைதான், சந்தேகமே இல்லை.

"ஆமிரா ஒரு வாய் குடிச்சிருந்தா?" என்று கேட்டாள் பிரபாவதி.

"அங்கேயே துப்பியிருப்பா. நான் பிரமாதம்னு சொன்ன வாயை மூடறதுக்குள்ள."

"அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பிறந்ததுலேர்ந்து ஒயின் ஆலைக்குள்ளேயே இருக்கிறவர் பிரபா. மோந்தவுடனே தெரிஞ்சிருக்கும்."

அப்பாவின் கடைசி பாட்டில் இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கத்தைக்கூட அந்த மனுஷர் முகத்தில் காட்டவில்லை. அதை நினைத்ததும் சேதுமாதவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினான். "கிளம்பு பிரபா. நாமளே கொண்டுபோய் விடுவோம். அவர் கையைப் பிடிச்சு ஒரு மன்னிப்பு கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"வாங்க, போவோம். ஆனா மன்னிப்புன்னு வாயைத் திறந்துடாதீங்க" என்றாள் பிரபாவதி. "உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் பாட்டில் மொத்தத்தையும் குடிச்சிருக்கார்."