பனியில் ஓர் அம்பா

2005 மாசி மாதத்துப் பின்னேரம். ஹம்பேர்க்கில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. தெருவுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கார் புதைந்து கிடக்க, அதற்குப் பின்னால் பஸ் நின்று கனநேரமாகிறது. ஆவி படிந்த கண்ணாடிகளுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் இருக்கிறார்கள். டொறத்திக்குப் பக்கத்தில் இருந்த அவள் கணவர் அல்பேர்ட் திடீரென்று எழும்பி இறங்குகிறார். "இடுப்பு நோவோட எங்க போறியள்? பேசாம இருங்கோ," என்றபடி அவள் பஸ் வாசல்வரை போகிறாள். அவர் காரின் முதுகில் கையை வைத்துவிட்டார். அதைப் பார்த்து நாலைந்து ஜேர்மன்காரர் இறங்குகிறார்கள். தெருவில் போன ஒரு பெண்ணும் நாயைக் கம்பத்தில் கட்டிவிட்டு வருகிறாள். ஆளுக்கொரு நேரம் தள்ளுகிறார்கள். சில்லு உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

அல்பேர்ட் தலையை நிமிர்த்தி, "ஏலேலோ!" என்று குரல் கொடுக்கிறார். மன்னார்க் கரையில் வலை இழுக்கும்போது அவர் பாடிய அம்பா, மீன்பிடிகாரரின் பாட்டு. உணவகத்தில் கோப்பை கழுவி, எதற்கும் "யா, யா" என்று மட்டும் சொல்லப் பழகிய மனிதருக்குள் இந்தக் குரல் இன்னும் இருக்கிறதா? ஜேர்மன்காரர் விழிக்கிறார்கள். "ஐயோ, ஆக்கள் பாக்கினம்," என்று டொறத்தி முணுமுணுக்கிறாள். அவர் இன்னும் உரத்து, "ஏலேலோ!" என்கிறார். கரையில் என்றால் அந்தக் குரலுக்கு ஊரே பதில் சொல்லும். இங்கே அது பனிக்குள் அமிழ்ந்துபோகிறது. சப்பாத்துப் புதையப் படியிலிருந்து இறங்கி, டொறத்தியே கத்துகிறாள்: "ஐலசா!" நாய்க்காரி சிரித்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்கிறாள். அடுத்த "ஏலேலோ"வுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். கார் வெளியே வந்த பிறகும் ஒருவரும் கையை எடுக்கிறார்களில்லை.