ஒருமுறைகூட முகம் காட்டாத திமிங்கலம்

மான்டரே கடலில் படகை நிறுத்தினார் கேப்டன் ஹார்லன். "இடம் வந்தாச்சு மேடம்."

"முப்பது வருஷமா திமிங்கலத்தைப் படம் பிடிக்கிறேன்னு இங்கதான் கெடையா கெடந்தார் என் வீட்டுக்காரர்," என்றாள் லோர்னா, மடியிலிருந்த ஜாடியைத் தட்டியபடி. "சிக்குனதெல்லாம் வெறும் வாலு! இன்னிக்கு என்னையும் இழுத்துட்டு வந்துட்டார் மனுஷன்."

அந்த நேரம் பார்த்து, படகை ஒட்டி, குகை போன்ற வாயைத் திறந்தபடி எழுந்தது ஒரு திமிங்கலம்.

"படம் எடுங்க மேடம், படம்!" அலறினார் ஹார்லன்.

எப்படி எடுப்பாள்? இரண்டு கைகளாலும் ஜாடியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மீன்களோடு மீனாகக் கணவரின் அஸ்தியையும் மொத்தமாக விழுங்கிவிட்டு மூழ்கியது திமிங்கலம்.

கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள் லோர்னா.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போ, கிட்ட போன்னு உங்க உயிரை வாங்குவாரே கேப்டன். இப்ப திருப்தியா இருக்கும்!"