வேண்டாம் என்ற மாத்திரை

"அப்பாவோட மாத்திரையை நீதானேம்மா நிறுத்தினே?"

கோபன்ஹேகனிலிருந்து ரயிலேறி வந்த டோர்தெ, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

அம்மா ஆனெலிஸ் ரொட்டியைச் சின்னதாகப் பிய்த்துக் கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஈவர் ஜன்னலோரம் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்கின்சன் நோய். போன கோடையில் ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு துறைமுகம் வரை தனியாக நடந்துபோய் மீன் வாங்கி வந்தவர், இப்போது பழைய மாத்திரையோடு மட்டும் கிடக்கிறார். கரண்டி பிடிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு கிர்ஸ்டன்தான் போனில் சொன்னாள். உங்கம்மா நிறுத்திட்டாளாம், ஏன்னு கேட்டா பேச்சை மாத்துறா என்று.

டோர்தெ கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டாள். மனுஷன் நடமாடினால் உனக்குப் பொறுக்கவில்லையா, நாற்காலியில் கிடந்தால்தான் உனக்கு வசதியா என்றெல்லாம்.

"அப்படியே வச்சுக்கோ" என்றாள் ஆனெலிஸ்.

டோர்தெ அலமாரியைத் துழாவி அந்த மாத்திரையை எடுத்தாள். தண்ணீரோடு அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"விடும்மா. நிறுத்தச் சொன்னது நான். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சார்."

"ஏம்ப்பா? நல்லாத்தானே நடந்தீங்க?"

"ஈவர், வேண்டாம். அவ உங்க பொண்ணு" என்றாள் ஆனெலிஸ்.

அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"அதைப் போட்டா கையும் காலும் என் பேச்சைக் கேட்கும். நான்தான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். அந்த ஆசை... பகல்னு இல்ல, ராத்திரின்னு இல்ல. இவ அழுதாலும் விடல."

டோர்தெயின் கை தானாகக் கீழே இறங்கியது.

"மாத்திரையோட வேலை, உங்க தப்பு இல்லைன்னார் டாக்டர். கை என்னோடதுதானே? ஊர் என்னைத் தப்பா பேசிடக்கூடாதுன்னு இவ எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிட்டா."

மூச்சு வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நான் இப்படிக் கிடக்கிறதாலதான், இவ உள்ளே தாழ்ப்பாள் போடாம தூங்குறா."