மைனா கேட்ட வெட்டுக்கிளி

பேக்கரிக்குப் பின்னால் நின்ற புங்கமரத்தில் ஒரு வயசான மைனா ஜோடி இருந்தது. பெண் மைனாவுக்கு இறக்கை தளர்ந்துபோனதால் ஆண் மைனாதான் இரை கொண்டுவரும். வயலுக்குப் போய் மல்லுக்கட்டுவானேன்? கீழேயே கிரீம் பன் கொட்டிக் கிடந்தது.

"ஒருநாளாவது வெட்டுக்கிளி, அத்திப்பழம்னு கொண்டாங்களேன்" என்றது பெண் மைனா.

"இந்த வயசுல அதைக் கொத்திக் கஷ்டப்படணுமா? இது மெத்துன்னு இருக்கு, தின்னு" என்று ஆண் மைனா ஆசையாக ஊட்டியது. அதற்குமேல் பெண் மைனா கேட்கவில்லை.

பன்னையே தின்று தின்று, போகப்போக அதற்குத் தன் கிளையே மறந்தது. ஒருநாள் பூனை மரமேறி வர, கத்தவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தது; ஆண் மைனாதான் கொத்தி விரட்டியது. வயலில் மேயும் அதே வயசு மைனாக்களோ பருந்தின் நிழலைக் கண்டாலே கத்தின. ஆண் மைனாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கேட்டபோதே கொண்டுவந்திருக்கலாம்.

மறுநாள் விடியுமுன்னே வயலுக்குப் பறந்து, மூச்சிரைக்க ஒரு வெட்டுக்கிளியைக் கொண்டுவந்து வைத்தது.

பெண் மைனா மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க ஐயா? எங்க வீட்டுக்காரர் இப்ப பன்னு கொண்டாந்துடுவார். என்மேல அவ்வளவு பாசம் அவருக்கு. இருங்க, உங்களுக்கும் ஒரு வாய் தரச் சொல்றேன்."