ஒரு பைசாகூட நஷ்டமில்லை

"மாப்ளே, என் ஐம்பதாயிரத்தை என்ன பண்ணினே?"

வகுப்பு முடிந்து வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மைத்துனன் திரும்பினான். வாசலில் அக்காள் கணவர். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்.

"என்ன மாமா, திடீர்னு?"

"வாராவாரம் 'ஆர்டர் போட்டாச்சு மாமா'ன்னு சொல்றே. ஒவ்வொரு ஆர்டருக்கும் போனுக்குத் தகவல் வருமாமே. நம்ம மருந்துக்கடைக்காரருக்கு மழையாக் கொட்டுதாம். எனக்கு ஆறு மாசமா ஒரு தூறல்கூட இல்லை."

மைத்துனன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். பலகைக்கு மேலே பெரிய எழுத்தில் தொங்கியது: 'சிறு கணக்கு, புலிப் பாய்ச்சல். கையில் கொஞ்சமே உள்ளவர்களுக்கான பங்குச் சந்தை ஆப்ஷன் உத்திகள்.'

"ஓவர்லாக் மெஷின் வாங்கச் சேர்த்த காசுடா அது. ஏழு வருஷச் சேமிப்பு. உன் கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காந்து கேட்டேன். 'ஒண்ணை வாங்கினா கூடவே இன்னொண்ணை வித்து வைங்க, நஷ்டம் ஒரு எல்லையைத் தாண்டாது'ன்னே. தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி விடற மாதிரின்னு எனக்கும் புரிஞ்சுது. நம்பித்தானே கொடுத்தேன்? நீ போட்டிருக்கிற கோட்டுகூட நான் தைச்சது. கூலி கேட்டேனா?"

மைத்துனன் போய்க் கதவைச் சாத்தினான். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினான்.

வங்கியின் நிரந்தர வைப்புச் சீட்டு. தையல்காரரின் மனைவி பெயரில், கீழே வாரிசாகத் தையல்காரர் பெயர். ஐம்பதாயிரம். பணம் கொடுத்த மறுநாள் தேதி.

"ஒரு ஆர்டரும் போடலை மாமா. சந்தையில கணக்கே தொடங்கலை."

தையல்காரர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"போட்டிருந்தா?"

"பதினோராயிரம் மிஞ்சியிருக்கும்."

"எல்லை இருக்குன்னியே?"

"ஒவ்வொரு தடவைக்கும் எல்லை உண்டு மாமா. எத்தனை தடவைங்கறதுக்குத்தான் இல்லை."

திருடன் என்று திட்டத்தானே தையல்காரர் படியேறி வந்தார்.

"தப்பா நினைச்சுட்டேன்டா" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கதவு வரை போனவர் நின்றார்.

"அப்போ கிளாஸ்ல மத்த நாற்பது பேர்?"

"அவங்க யாரும் எங்க அக்காவைக் கட்டலையே, மாமா."

கீழே, கடைசிப் படியில் மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். சொந்தமாக ஆர்டர் போட்டுப் பாதிப் பணத்தைத் தொலைத்தவர். மீதியை வகுப்பு நடத்துபவரிடமே ஒப்படைத்துவிடலாமா என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களாண்ணே? அவர்கிட்ட கொடுத்ததுல உங்களுக்கு எவ்வளவு போச்சு?"

தையல்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாடி ஜன்னலில் தான் தைத்த கோட்டு தெரிந்தது.

"ஒரு பைசாகூட நஷ்டமில்லை" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

மருந்துக்கடைக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.