ஒன்பதாம் குரல்

அந்த மலையில் ஏறுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். கடைசி எண் கேட்ட பிறகுதான் வழிகாட்டி நகர்வார்.

போன வருடம் சாருமதி எட்டு. அவள் கணவர் கதிரேசன் ஒன்பது, அதுதான் கடைசி எண். நான்காம் நாள், கணவாயில், பக்கத்தில் நிற்பவர் தெரியாத மூடுபனி. "ஒன்பது அங்கிளுக்கு டோலி சொல்லிடலாமா?" என்று யாரோ கிண்டலடித்தார்கள். அவர் பின்னால் எங்கோ மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். இன்னொரு கிண்டல் வேண்டாமே என்று, அவருடைய கட்டைக் குரலில் இவளே "ஒன்பது" என்றாள். குழு நகர்ந்தது. அவர் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"ஒன்பது என் காதுல விழுந்துச்சு" என்று வழிகாட்டி பெனடிக்ட் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் நம்பவில்லை. வேலை போயிற்று. இவள் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் சாருமதி மறுபடி வந்திருக்கிறாள்; அவன் சமையல் மூட்டை தூக்குகிறான். அதே கணவாய், அதே பனி.

"இந்த எடந்தான்க்கா," என்றான். "காது செவிடாய்யான்னு எம் பொண்டாட்டியே கேக்குறா. இப்ப எனக்கே சந்தேகமாயிருச்சு."

புது வழிகாட்டி எண்ணச் சொன்னார். ஏழு வந்தது. "எட்டு" என்றாள் சாருமதி. அடுத்து நின்ற பெண் வாய் திறப்பதற்குள், தொண்டையைக் கனைத்து, அதே கட்டைக் குரலில் "ஒன்பது" என்றாள்.

பெனடிக்ட்டின் முதுகிலிருந்து மூட்டை நழுவியது. பாத்திரங்கள் சரிவில் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.