இரண்டு காதுச் சட்டி

அடுப்பங்கரை வாசலில் பூட்ஸைக் கழற்றக்கூட மறந்து நின்றுவிட்டேன்.

மாவுப் பலகைக்கு முன்னால் என் புருஷன் இக்ரோம் நின்றுகொண்டிருந்தார். ரஷ்யாவில் கொத்தனார் வேலை. நவம்பரில் வந்திருக்க வேண்டியவர், இதோ அதோ என்று இழுத்து, பிப்ரவரியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்.

அவர் வந்ததுகூட அதிசயமில்லை. சூப்பில் போடத் தூஷ்பேராக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத மனுஷன். தேநீர் ஆறிவிட்டால் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான் இவருடைய சமையல்.

இப்போது பாருங்கள். சதுரம் சதுரமாக வெட்டிய மாவு. நடுவில் ஒரு சிட்டிகை கொத்துக்கறி. கட்டைவிரல் அதை முக்கோணமாக மடிக்கிறது, ஓரத்தை அமுக்குகிறது, ஆள்காட்டி விரலைச் சுற்றி இரண்டு முனையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. முடிந்தது. அடுத்தது.

ஒவ்வொன்றும் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. எங்கள் கோனிபோதோம் ஊரில் இவ்வளவு சின்னதாக மடிக்கிற பெண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அதுவும் வலது கை ஒன்றே எல்லாம் செய்தது. இடது கை கோட்டுப் பைக்குள் சொகுசாக இருந்தது. வந்து ஒரு மணி நேரமாகிறதாம், இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.

“மகாராஜா ஒத்தக் கையாலதான் சமைப்பாராக்கும்!” என்றேன். சந்தோஷம் வந்தால் என் வாய் இப்படித்தான் போகும்.

“ரெண்டு கையும் போட்டா நீ பொறாமையிலயே போய்ச் சேந்துடுவ, தில்பர்.”

எங்கள் மகள் நிகினா மாவு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியெல்லாம் மாவு. “அம்மா, அப்பா உன்னவிடச் சின்னதா மடிக்கிறாரும்மா!”

எனக்கு ரோஷம் வரவில்லை. பிரமிப்புதான் வந்தது.

அக்டோபரிலிருந்து போனில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மாவுக்கு எத்தனை முட்டை, கறிக்கு எவ்வளவு வெங்காயம், சூப்பில் கேரட்டை எப்போது போடுவது. “கூடத் தங்கியிருக்குற பதினெட்டு பேருக்கும் இப்ப நான்தான் சமையல்” என்று ஒருமுறை சொன்னார். செங்கல் அடுக்குகிற ஆளை எவன் அடுப்படியில் விடுவான், சும்மா அளக்கிறார் என்று சிரித்துவிட்டேன்.

ஜன்னலுக்கு மேலே ஆணியில் போன வருஷத்து ரொட்டி தொங்கியது. கிளம்பும்போது ஒரு கடி கடித்துவிட்டுப் போவார். மிச்சத்தைத் தொங்கவிடுவோம். கடித்தவர் வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அதற்குள் கல்லாகிப்போகும், சூப்பில் ஊறவைத்துத்தான் தின்ன முடியும். மார்ச் வந்தால் அடுத்த ரொட்டி, அடுத்த கடி. அந்த ஆணியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மார்ச்சுக்குப் புது ரொட்டி சுடணுமாங்க?” என்று கேட்டேன். போவீர்களா என்று நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் கை ஒரு நொடி நின்றது.

“சுட வேணாம். இனிமே போகல. அந்த ஆணியப் புடுங்கிப் போட்டுரு.”

நிகினா உருட்டுக்கட்டையைப் போட்டுவிட்டுக் குதித்தாள். நான் தலைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒன்பது குளிர்காலம் வேண்டிக்கொண்டது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், வெங்காய வாசனைக்கு நடுவே கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது. கொதிக்கிற சூப்பில் தூஷ்பேராவைக் கொட்டினார். முங்கின, பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. குனிந்து பார்த்தேன். அல்லாவே, ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை! நான் மடித்தால் பத்துக்கு ஒன்றாவது பிளந்து கறியைக் கக்கிவிடும்.

அடுத்த அறையில் விரிப்பை விரித்தேன். நிகினா கிண்ணங்களை வைத்தாள். கெட்டித் தயிரும் கொத்தமல்லியும் வைத்தாகிவிட்டது. ஆணியிலிருந்து ரொட்டியை இறக்கி, அவர் உட்காரும் இடத்தில் வைத்தேன்.

“பசிக்குதுங்க, சட்டியத் தூக்கிட்டு வாங்க!”

வரவில்லை.

“என்ன, சூப்புச் சட்டியா, சிமெண்ட் மூட்டையா? இதத் தூக்க இவ்வளவு நேரமா?”

எழுந்து போனேன்.

அலுமினியச் சட்டி, இரண்டு பக்கமும் காது. அவர் ஒரு காதைத் துணியால் பிடித்தபடி நின்றிருந்தார். ஆவிக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. குனிந்ததில், பைக்குள் செருகியிருந்த கோட்டின் இடது கைத்துணி நழுவி வெளியே வந்து தொங்கியது.

அதற்குள் ஒன்றும் இல்லை.

“அந்தக் காத நீ பிடி, தில்பர்” என்றார்.

அவர் போகக் கூடாது என்றுதான் வேண்டியிருந்தேன். எப்படி என்று சொல்லி வேண்டவில்லை.

தலைக்குட்டையை அவிழ்த்து அந்தக் காதைச் சுற்றிப் பிடித்தேன். இருவரும் சேர்ந்து தூக்கினோம். அவர் அடிக்கு என் அடி வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிகினாவிடம் கொண்டுபோனோம்.